கட்டிக்குப் பாயும் மடையை அடைப்பது: கல்லீரல் புற்றுநோய்க்குக் கதீட்டர் வழி சிகிச்சை

“ஆபரேஷன் செய்ய முடியாது. டேஸ் செய்யலாம்.”

கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு பல குடும்பங்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் கேட்கின்றன. காதில் விழுவது முதல் வாக்கியம் மட்டும்தான். “ஆபரேஷனே முடியாதாமே” என்று உடைந்துபோய் வெளியே வருவார்கள். இரண்டாவது வாக்கியத்தில் வந்த அந்தச் சின்னச் சொல் என்ன என்று கேட்கவே தோன்றாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் பெரியப்பாவுக்கு இந்தச் சிகிச்சை மூன்று முறை நடந்தது. முதல் முறை நடந்தபோது அது என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சில வாரங்களை இவ்வளவு பயத்தோடு கழித்திருக்க மாட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டேஸ் என்பது ஒரு நீளமான பெயரின் சுருக்கம்: டிரான்ஸ்ஆர்ட்டீரியல் கீமோஎம்போலைசேஷன். பெயரைப் பிரித்தால் வேலையும் புரிந்துவிடும். தமனி வழியாகப் போய், கீமோ மருந்தைக் கட்டிக்குள் விட்டு, பின்னாலேயே அந்த ரத்தக்குழாயை அடைத்துவிட்டு வருவது. வயிற்றைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு ஊசித்துளை, அவ்வளவுதான்.

சரி, முதல் வாக்கியத்துக்கு வருவோம். ஏன் ஆபரேஷன் முடியாது என்கிறார்கள்? நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல சமயம் காரணம் அது இல்லை. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது ஹெபடோசெல்லுலர் கார்சினோமா. எச்.சி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நல்ல கல்லீரலில் இது திடீரென்று முளைப்பது குறைவு. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களாலோ, மதுவாலோ, கொழுப்பு படிந்தோ பல வருடம் அடிபட்டு, தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த இறுகிய நிலைக்குப் பெயர் சிரோசிஸ். ஆக, ஒரே உடம்பில் இரண்டு நோய். கட்டி ஒன்று, நொந்துபோன கல்லீரல் இன்னொன்று. கட்டியை வெட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் கல்லீரல் உடம்பைத் தாங்க வேண்டும். நல்ல கல்லீரல் என்றால் பாதிக்கு மேல் எடுத்தாலும் வளர்ந்துகொள்ளும். சிரோசிஸ் வந்த கல்லீரலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. “ஆபரேஷன் முடியாது” என்பதற்குப் பல நேரம் அர்த்தம் இதுதான்: கல்லீரல் தாங்காது. கட்டிகள் பல இடத்தில் சிதறியிருப்பது இன்னொரு காரணம்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டு நோய்க் கணக்கில்தான் நிற்கிறது. கட்டியைக் கொல்ல வேண்டும், கல்லீரலைக் கொல்லக் கூடாது.

ஒரு வயல், இரண்டு வாய்க்கால்

உடம்பில் பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி ரத்தத்தைக் கொண்டுவரும், சிரை கொண்டுபோகும். கல்லீரலுக்கு ஒரு விசேஷம். அதற்குள் ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. குடலிலிருந்து செரித்த சத்துகளைச் சுமந்துகொண்டு வரும் போர்ட்டல் சிரை ஒன்று. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் கிளை வழியாக வரும் கல்லீரல் தமனி இன்னொன்று. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரையில் வருகிறது, கால் பங்குதான் தமனியில். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு அதிகம் என்பதால், ஆக்சிஜன் கணக்கில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி.

கட்டி அப்படி இல்லை. எச்.சி.சி. கட்டி வளர வளரத் தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது, அவை எல்லாம் தமனியிலிருந்து கிளைப்பவை. வளர்ந்த கட்டி தன் ரத்தத்தில் ஏறக்குறைய முழுவதையும் கல்லீரல் தமனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. போர்ட்டல் சிரையை அது அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. கல்லீரல் கட்டிகளின் இந்த ரத்தப் பழக்கத்தை பிரீடிஸ், யங் என்ற இருவர் 1954-ல் ஆராய்ந்து எழுதினார்கள். சிகிச்சை முழுவதற்கும் அஸ்திவாரம் இந்த ஒரு உண்மைதான்.

ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் இரண்டிலும் குடிக்கிறது. நடுவில் முளைத்த களையோ ஒரே வாய்க்காலில்தான் வேர் விட்டிருக்கிறது. அந்த வாய்க்காலில், களை இருக்கும் இடத்துக்குப் போகும் மடையை மட்டும் அடைத்தால்? களை காயும். பயிர் மற்றொரு வாய்க்காலில் குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் மற்றொரு வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். எச்.சி.சி. கட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, போர்ட்டல் சிரைக்குள்ளேயே வளர்ந்துபோய் அதை அடைத்துக்கொள்ளும். பிரதான சிரை அப்படி அடைபட்டிருக்கும்போது தமனியையும் நாம் அடைத்தால் பயிரும் சேர்ந்து சாகும். சிகிச்சைக்கு முன்னால் ஸ்கேனில் டாக்டர்கள் போர்ட்டல் சிரையை உற்று உற்றுப் பார்ப்பது இதனால்தான். ரிப்போர்ட்டில் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் நாம் தேடுகிறோம். போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்ற வரி அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இந்த இரண்டு வாய்க்கால் கணக்குதான் உதவுகிறது. ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்கான மருந்தைக் கைநரம்பில் ஏற்றி சி.டி. எடுக்கும்போது, முதல் அரை நிமிட வாக்கில் மருந்து தமனியில் இருக்கும். அப்போது கட்டி பளிச்சென்று ஒளிரும், சுற்றியுள்ள கல்லீரல் மங்கலாக இருக்கும். அடுத்து மருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும்போது கல்லீரல் ஒளிர, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ளவருக்கு 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமலேயே எச்.சி.சி. என்று முடிவு செய்ய முடிகிறது. “பயாப்சியே எடுக்காமல் எப்படிப் புற்றுநோய் என்கிறார்கள்?” என்று நாங்களும் சந்தேகப்பட்டோம். அவர்கள் செய்தது சரியான முறைதான்.

கம்பிமேல் ஏறிப் போகும் குழல்

ரத்தக்குழாய்க்குள் ஒரு குழலை அனுப்புவது என்றால் ஒரு காலத்தில் பெரிய வெட்டு போட்டு, குழாயைத் திறந்துதான் அனுப்ப வேண்டும். 1953-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ஐவார் செல்டிங்கர் என்ற ரேடியாலஜி டாக்டர் எளிமையான ஒரு வழியை வெளியிட்டார். முதலில் ஊசி உள்ளே போகும். ஊசியின் துளை வழியாக ஒரு வழவழப்பான கம்பி போகும். கம்பியை அப்படியே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். பிறகு அந்தக் கம்பியின்மேல் குழலைக் கோத்து உள்ளே தள்ளுவார்கள். தண்டவாளத்தில் வண்டி போவது மாதிரி, கம்பி போன இடத்துக்கெல்லாம் குழல் போகும். வெளியே தெரிவது ஊசி போன துளை மட்டும்தான். உலகம் முழுக்க ஆஞ்சியோ அறைகளில் இன்றும் இதே முறைதான். அந்தக் குழல்தான் கதீட்டர்.

கல்லீரல் கட்டிக்குப் போகும் தமனியை இப்படி அடைக்கும் முயற்சி 1970-களில் தொடங்கியது. பிரான்சில் 1974-ல் செய்து பார்த்தார்கள். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஜப்பானின் ஒசாகாவில் யமாடா குழுவினர், கீமோ மருந்தில் நனைத்த ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளைக் கொண்டு அடைக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் கீமோவும் அடைப்பும் சேர்ந்தே வர ஆரம்பித்தன.

ஆனாலும் இது உண்மையிலேயே ஆயுளைக் கூட்டுகிறதா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. அதைத் தீர்த்தவை 2002-ல் வெளியான இரண்டு ஆய்வுகள். பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், டேஸ் செய்துகொண்டவர்களில் 63 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள், செய்துகொள்ளாதவர்களில் 27 சதவீதம். ஹாங்காங்கில் நடந்ததில் 31 சதவீதம், 11 சதவீதம். இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். இரண்டு ஊர் நோயாளிகளின் நிலையும் ஒன்றல்ல, எண்கள் வேறுபடுவதும் அதனால்தான். ஆனால் இரண்டிலும் பலன் ஒரே பக்கம் சாய்ந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய எண்கள் இவை. இன்று குழல்கள் மெலிந்திருக்கின்றன, யாருக்குச் செய்யலாம் என்ற தேர்வும் கூர்மையாகியிருக்கிறது. அதனால் இந்தச் சதவீதத்தை உங்கள் வீட்டு ஆள்மேல் அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது

இதைச் செய்பவர் சர்ஜன் இல்லை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் வேலை செய்யப் பயின்ற டாக்டர். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். ரத்தம் ஒழுங்காக உறைகிறதா, தட்டணுக்கள் போதுமா, மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் எவ்வளவு, சிறுநீரகத்தின் நிலை சொல்லும் கிரியேட்டினின் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். படத்துக்காக ஏற்றும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் கடைசி எண் முக்கியம். முன்பு எப்போதாவது அந்த மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தால் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. ஊசி போடும் இடம் மரத்துப்போகும், லேசான தூக்க மருந்து கிடைக்கும். நோயாளி விழித்திருப்பார், பேசுவார். குழல் உள்ளே நகர்வது தெரியவே தெரியாது என்றார் பெரியப்பா. ரத்தக்குழாயின் உட்சுவரில் அந்த உணர்வு கிடையாது. மருந்து ஏறும்போது மட்டும் வயிற்றுக்குள் வெதுவெதுவென்று ஒரு சூடு பரவும்.

மகாதமனியில் ஏறிப் போகும் கதீட்டர், வயிற்று உறுப்புகளுக்குக் கிளை பிரியும் இடத்தில் திரும்பிக் கல்லீரல் தமனிக்குள் நுழையும். அங்கே படத்துக்கான அந்த அயோடின் மருந்தைச் செலுத்தினால் திரையில் ஒரு மரம் தெரியும். இலையில்லாத கறுப்பு மரம். அடிமரம், கிளை, கிளையின் கிளை என்று விரிந்துகொண்டே போகும். சில நொடிகளில் ஒரு கிளையின் நுனியில் மட்டும் மை ஊறிய பஞ்சு மாதிரி ஒரு திட்டு கறுத்து நிற்கும். அதுதான் கட்டி. பிறகு அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். அதுவரை ரிப்போர்ட்டில் எழுத்தாக மட்டும் இருந்த ஒன்று, எந்தக் கிளையில் தொங்குகிறது என்று கண்ணால் பார்த்தபோதுதான் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது.

இந்த மரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளைப்பதில்லை. சிலருக்குக் கல்லீரலின் வலது பக்கத் தமனி, குடலுக்குப் போகும் தமனியிலிருந்து கிளம்பும். உதரவிதானத்தை ஒட்டி வளர்ந்த கட்டி, உதரவிதானத்துக்குப் போகும் தமனியிலிருந்தே ரத்தம் திருடும். ஒவ்வொரு வழியையும் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும் கட்டியின் அந்த மூலை பிழைத்துக்கொள்ளும். நேரம் பிடிப்பது இந்தத் தேடலுக்குத்தான். அதனால் உள்ளே போனவர் வர ஒன்றிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால், ஏதோ ஆகிவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை.

கட்டிக்குப் போகும் கிளை தெரிந்ததும், கதீட்டருக்குள்ளேயே இன்னொரு குழலை விடுவார்கள். மைக்ரோகதீட்டர் என்று பெயர். வெளிக்குழலே 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உள்ளே போவது 1 மில்லிமீட்டருக்கும் மெலிது. அது கட்டியின் வாசல் வரை போய் நிற்கும். எவ்வளவு நெருங்கிப் போகிறதோ அவ்வளவுக்குக் கட்டி மட்டும் அடிவாங்கும், கல்லீரல் தப்பிக்கும். இந்தச் சிகிச்சையில் கைத்திறன் என்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சில சென்டிமீட்டர்தான்.

அப்புறம் மருந்து. பழைய முறையில் டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்தை லிப்பியோடால் என்ற எண்ணெயில் கலக்குவார்கள். கசகசா விதை எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்தது அது. இந்த எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம்: எச்.சி.சி. கட்டிக்குள் போனால் நெடுநாள் அங்கேயே தங்கிவிடும். அயோடின் இருப்பதால் எக்ஸ்ரேயிலும் தெரியும். மருந்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று டாக்டர் பார்த்துக்கொண்டே செலுத்தலாம். கடைசியாக ஜெலட்டின் துணுக்குகளை அனுப்பி மடையை அடைப்பார்கள். ஜெலட்டின் கரைந்துபோகும் பொருள், ஆகவே சில வாரங்களில் வழி மறுபடி திறக்கக்கூடும். மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டால் அதே வழியில் போக இது வசதி. புதிய முறையில் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும் நுண்மணிகளை அனுப்புகிறார்கள். ஒரு மணி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை இருக்கும். அதுவே அடைப்பாகவும் இருந்து, மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

எண்ணெயா மணியா, எது உயர்வு? ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் விஷயத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே புதியது கிடைக்கவில்லையே என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். இன்னும் சொன்னால், கீமோ மருந்து சேர்ப்பதால் வெறும் அடைப்பைவிட எவ்வளவு கூடுதல் பலன் என்பதே நிபுணர்களுக்குள் தீராத விவாதம். பெரிய வேலையைச் செய்வது அடைப்பு, மருந்து அதற்குத் துணை. மருந்து கட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பதால் உடம்பு முழுக்க ஓடுவது குறைவு. கீமோ என்றதும் நினைவுக்கு வரும் முடி உதிர்தல் இதில் சாதாரணமாக வருவதில்லை.

முடிந்த பிறகு

தொடை வழியாகப் போயிருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு என்றால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

முதல் வாரம் ஒன்று நடக்கும், அதற்கு மனத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். காய்ச்சல், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, குமட்டல், கடுமையான சோர்வு. ரத்தம் கிடைக்காமல் சாகும் திசுவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை இது. போஸ்ட் எம்போலைசேஷன் சிண்ட்ரோம் என்பார்கள். பெரியப்பாவுக்கு மூன்றாம் நாள் 101 டிகிரி அடித்தது. நாங்கள் கிருமி தொற்றிவிட்டது என்று அரண்டுபோனோம். பொதுவாக இது ஒரு வாரத்துக்குள் தணியும். ஆனால் குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல், தணியாமல் ஏறும் காய்ச்சல், கண்ணில் கூடும் மஞ்சள், வயிறு உப்புவது, பேச்சில் தடுமாற்றம், கறுப்பு மலம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறந்த கட்டிக்குள் சீழ் கோக்கலாம். பித்தநாளத்தில் முன்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். பித்தப்பைக்கோ இரைப்பைக்கோ மருந்து சிதறி அங்கே புண் வரலாம். எல்லாவற்றிலும் கவலைக்குரியது, ஏற்கெனவே நொந்த கல்லீரல் செயலிழப்பது. இவை அடிக்கடி நடப்பவை அல்ல, ஆனால் நடப்பவை. வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் டாக்டர் சொன்னதை மட்டும், சொன்ன அளவில் மட்டும். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன். எங்களைப் போல யாரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதல் ரிப்போர்ட்டில் கட்டி 4.8 சென்டிமீட்டர் என்று இருந்தது. சிகிச்சைக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் 4.6. இவ்வளவு கஷ்டப்பட்டது 2 மில்லிமீட்டருக்காகவா என்று பெரியம்மா அழுதுவிட்டார். டாக்டர் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் கட்டி முழுக்க ஒளிர்ந்தது. இரண்டாவதில் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு தவிர மற்றதெல்லாம் இருட்டு. “அளவைப் பார்க்காதீர்கள், ஒளியைப் பாருங்கள் அம்மா. ஒளிர்வதுதான் உயிரோடு இருப்பது” என்றார். இறந்த கட்டி உடனே கரைந்துபோவதில்லை, அப்படியே கிடந்து மெல்லச் சுருங்கும். ரத்தம் ஏறி ஒளிரும் பகுதி எவ்வளவு மிச்சம் என்பதை அளப்பதற்கே தனியாக ஒரு அளவுமுறை இருக்கிறது. ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

மிச்சமிருந்த அந்த ஓரத்துக்குத்தான் இரண்டாம் முறை செய்தார்கள். டேஸை இத்தனை முறை என்று முன்கூட்டியே எண்ணி வைத்துச் செய்வதைவிட, உயிருள்ள பகுதி தெரிந்தால் செய்வது என்பதே இன்றைய நடைமுறை. ஒவ்வொரு முறையும் நல்ல கல்லீரலும் கொஞ்சம் விலை கொடுக்கிறது. இரண்டு முறை செய்தும் கட்டி அசையவில்லை என்றால், மூன்றாவதாக அதையே செய்வதைவிட வேறு சிகிச்சைக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம்.

யாருக்கு இது, யாருக்கு வேறு

கட்டி கல்லீரலைத் தாண்டிப் போகவில்லை, பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழையவில்லை, ஆனால் பல கட்டிகள் இருக்கின்றன அல்லது பெரிதாக இருக்கிறது, கல்லீரல் ஓரளவு வேலை செய்கிறது, ஆள் நடமாட்டமாக இருக்கிறார். இந்த இடைநிலையில் இருப்பவருக்குத்தான் டேஸ் முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கல்லீரலின் தெம்பைச் சைல்டு-பக் என்ற மதிப்பெண்ணால் கணிப்பார்கள். பிலிருபின், கல்லீரல் செய்யும் புரதமான ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைத் தடுமாற்றம் என்ற ஐந்தையும் சேர்த்து ஏ, பி, சி என்று வகுப்பது அது. ஏ என்றால் நல்லது. பி-யில் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு யோசித்துச் செய்வார்கள். சி என்றால் பொதுவாக இந்தச் சிகிச்சை வேண்டாம் என்றே சொல்வார்கள். அது கைவிடுவது ஆகாது. செய்தால் கட்டிக்கு முன்பே கல்லீரல் போய்விடும்.

கட்டி 3 சென்டிமீட்டருக்குள் என்றால் ஊசி வழியாகச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் பெரும்பாலும் மேல். கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு டேஸ் ஒரு பாலம். 1996-ல் வந்த மிலான் வரையறைப்படி ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3-க்குள் இருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் கட்டி அந்த எல்லையைத் தாண்டாமல் பிடித்துவைக்கவும், தாண்டியதைச் சுருக்கி உள்ளே கொண்டுவரவும் இது பயன்படுகிறது.

இதே வழியில் போய் வேறொன்றை வைத்துவிட்டு வரும் முறையும் இருக்கிறது: ரேடியோஎம்போலைசேஷன். யிட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் ஏறிய, தலைமுடியைவிட மெல்லிய மணிகளைக் கட்டியின் ரத்தக்குழாய்க்குள் அனுப்புவார்கள். இங்கே முக்கியம் அடைப்பு இல்லை, கதிர்வீச்சு. அது திசுவில் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான் பாயும், அதனால் பக்கத்தில் இருப்பதை மட்டும் எரிக்கும். 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். இதற்கு முன்னோட்டமாக ஒருநாள் ஆஞ்சியோ செய்து, கல்லீரலிலிருந்து நுரையீரலுக்கு மணிகள் கசிந்து போகுமா என்று சோதிப்பார்கள். இரண்டு தடவை போக வேண்டியிருப்பது அதனால்தான். ரத்தக்குழாயை முழுக்க அடைக்காததால், போர்ட்டல் சிரையின் ஒரு கிளை அடைபட்டவர்களுக்குக்கூடச் சில சமயம் இதைச் செய்ய முடிகிறது.

அடைத்த பிறகு மிச்சமிருக்கும் செல்கள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சு முட்டிய கட்டி, புது ரத்தக்குழாய்களை அழைக்கும் ரசாயனத்தை இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த அழைப்பைத் தடுக்கும் மருந்துகளையும், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகளையும் டேஸோடு சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் இப்போது தீவிரமாக நடக்கின்றன. உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போதே இன்னும் இரண்டு விஷயம்: இந்தச் சிகிச்சையின் குறிக்கோள் என்ன, கட்டியைப் பிடித்துவைப்பதா, மாற்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதா? பலன் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? டேஸ் பெரும்பாலானவர்களுக்கு நோயை வேரோடு எடுப்பதில்லை, காலத்தைக் கூட்டித் தருகிறது. எங்களிடம் முதல் நாளே இதை நேராகச் சொன்ன டாக்டருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்தக் காலத்தை எப்படிச் செலவிடுவது என்று பெரியப்பாவே முடிவு செய்ய அது வழிவிட்டது.

ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் அந்த வைரஸுக்கான மாத்திரையைச் சிகிச்சைக் காலத்தில் ஒருநாள்கூட விடக் கூடாது. கீமோ நேரத்தில் வைரஸ் மறுபடி தலைதூக்கினால் கல்லீரல் தாங்காது. பெரியப்பாவுக்கு இருந்ததும் பி வைரஸ்தான், கட்டி வந்த பிறகுதான் அது தெரிந்தது. ரத்த உறவுகளும் ஒரே வீட்டில் இருப்பவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். ஏழு பேர் ரத்தம் கொடுத்தோம். ஆறு பேருக்கு இல்லை, தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டோம். என் சித்தப்பாவுக்கு இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோய் வந்தால் காட்டிக்கொடுக்கக்கூடிய ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறார். போன மாதம் எடுத்த ஸ்கேனிலும் கட்டி எதுவும் இல்லை.